இடக்கையை யார் கழுவுவது?

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஒருத்தி கை கழுவப் படிப்பித்தாள் என்று சொன்னால் நம்புவீர்களா? அன்றைக்கு அந்தப் பிள்ளை மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருந்திருந்தால் தூக்கி அவள் தலையில் ஊற்றியிருப்பேன். இப்போது நினைத்தால் அவள் இருக்கிற திசைக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

என் கணவருக்குக் கழுத்தில் நெறிகட்டிய மாதிரி ஒரு கட்டி வந்தது. சளி தடிமனால் வந்ததாக்கும் என்று நானும் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தேன். வெட்டிச் சோதித்தபோது புற்றுநோய் என்றார்கள். மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளைக்கு, ஒரு தடவையாக ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் கணக்கு ரீச்சர். உடனே விரல் மடித்துப் பார்த்தேன். ஐப்பசியில் தொடங்கினால் மாசியில்தான் முடியும். அதாவது மாரி முழுக்க. யாழ்ப்பாணத்தில் மாரி என்றால் வீட்டுக்கு வீடு இருமல், வகுப்புக்கு வகுப்புக் காய்ச்சல்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டொக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இந்த மருந்து நோயை மட்டும் தின்னாது, நோயை எதிர்க்கிற வெள்ளையணுக்களையும் சேர்த்துத் தின்றுவிடும். "உங்களுக்கும் எனக்கும் தடிமன் எண்டால் நாலு நாள் மூக்கைச் சீறிப்போட்டு எழும்பிடுவம். அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. காய்ச்சல் காஞ்சால் ஒரு நிமிசமும் பாக்காதேங்கோ, உடனை கொண்டு வாங்கோ. ஆனால் வராமல் பாக்கிறதுதான் உங்கடை வேலை" என்றார். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு உலகத்தில் வேறு வேலை இருக்கவில்லை.

முதல் மருந்து ஏற்றிய நாள் விடுதியின் மூலையில் இருந்த கை கழுவும் தொட்டியடிக்கு ஒரு தாதி என்னைக் கூப்பிட்டாள். தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். இந்த மிஸ்ஸிக்கு என் மகளின் வயதுகூட இராது.

"அம்மா, ஒருக்கால் கையைக் கழுவிக் காட்டுங்கோ."

என்ன கண்டறியாத கதை! பைப்பைத் திறந்தேன், வலக்கையை நீட்டினேன், விரல் நுனிகளைப் பெருவிரலால் தேய்த்தேன், உதறினேன். முடிந்தது.

அவள் சிரிக்கவில்லை. "இடக்கையை ஆர் கழுவுறது, அம்மா?" என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். இடக்கை காய்ந்துபோய்ச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாக அதைப் பற்றி யோசித்தேன். நாங்கள் சாப்பிடுகிற கையைத்தான் கழுவுகிறோம். இடக்கைக்குச் சோற்றோடு தொடர்பில்லை, ஆகவே அதற்குத் தண்ணீரோடும் தொடர்பில்லை. ஆனால் அந்த இடக்கைதான் மூக்கைத் துடைக்கிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிறது, சாப்பிடும்போது தண்ணீர்ப் பேணியைத் தூக்குகிறது. இன்னொரு கூத்தும் இருக்கிறது. சாப்பிட முதல் எங்களுக்குத் தண்ணீர் காணும். சாப்பிட்ட பிறகுதான் சவர்க்காரம், மீன் குழம்பு வாசம் போக வேண்டுமல்லவா! ஒரு வீட்டில் சாப்பிடுவதையே 'கை நனைத்தல்' என்கிறோம். நனைத்தால் போதும் என்று சொல்லே சொல்லிவிட்டது, பிறகு நாங்கள் என்ன செய்வது?

மிஸ்ஸி என் இரண்டு கையையும் பிடித்துச் சவர்க்காரம் போட்டாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரலை மற்றக் கையால் பொத்தித் திருகு, நகங்களை உள்ளங்கையில் சுரண்டு, மணிக்கட்டு. "இருபது எண்ணுமட்டும் வடிவாத் தேயுங்கோ. பிறகு சுத்தமான துவாயாலை துடையுங்கோ." சுற்றிவரக் கட்டிலில் கிடந்தவர்களும் பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தில் காது சுட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனுசன் மருந்துக் களைப்பிலும் பல்லைக் காட்டினார். "இஞ்சாரும், ஊரிலை இருக்கிற பிள்ளையள் எல்லாருக்கும் முட்டை போட்ட ரீச்சருக்கு இண்டைக்கு முட்டை!"

"வாயை மூடிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

எங்கள் வீடு மானிப்பாயில். அவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சுற்று வட்டாரத்தில் அவருக்குத் தெரியாத வீடும் இல்லை, அவரைத் தெரியாத நாயும் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் வருத்தம் வந்து படுத்தால் போய்ப் பார்க்காமல் இருப்பது பெரிய குற்றம். பார்த்தால் மட்டும் காணாது, கட்டில் விளிம்பில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு கதைக்க வேண்டும். அன்று பின்னேரமே ஒருவர் தோடம்பழப் பையோடு வந்தார். "மூண்டு நாளாத் தடிமன், எண்டாலும் உங்களைப் பாக்காமல் இருக்கேலுமோ?" என்று சொல்லி, மூக்கைக் கையால் துடைத்து, அதே கையால் என் மனுசனின் கையைப் பிடித்தார். எனக்கு மயக்கம் வந்துவிட்டது. அவர் போன கையோடு என் மனுசனைத் தொட்டியடிக்கு இழுத்துக்கொண்டு போய் இருபது எண்ணினேன், அதன் பிறகு இன்னொரு இருபது.

அடுத்த நாள் விடிய எழும்பிப் வாசல் படலையடியில் ஒரு மர வாங்கைப் போட்டு, பைப் பூட்டிய பிளாஸ்ரிக் வாளி ஒன்றை நிரப்பி வைத்தேன். பக்கத்தில் சவர்க்காரம், வெள்ளைத் துணியில் வெட்டிய சின்னத் துவாய்கள், போட ஒரு கூடை. எனக்கே என்னை நினைக்கப் பெருமையாக இருந்தது. உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், வெளியே ஒரே ஓலம். முன்வீட்டு மாமி கொண்டை அவிழ்ந்தபடி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வருகிறார்.

"ஐயோ என்ரை பிள்ளை! எப்ப மோசம் போனவன்? என்னை எழுப்பேல்லையே!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. செத்த வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் கை கால் கழுவிக்கொண்டு வளவுக்குள் வருவதற்குத்தான் எங்கள் பக்கத்தில் படலையடியில் வாளி வைப்பார்கள். முதல்நாள் ஆஸ்பத்திரி, அடுத்தநாள் வாளி. மாமி ஒன்றையும் ஒன்றையும் கூட்டிவிட்டார்.

என் மனுசன் பேணியும் கையுமாக வெளியே வந்தார். "நான் இன்னும் வெளிக்கிடேல்லை மாமி. தேத்தண்ணி குடிச்சிட்டு யோசிப்பம்" என்றார்.

மாமி அப்படியே வாங்கில் குந்திவிட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். அவர் மூக்கைச் சீறிய கையோடு என் மனுசனைக் கட்டிப்பிடிக்க எழும்ப, நான் இடையில் பாய்ந்து அந்த வாளியில் அவருக்கு முதல் பாடத்தை நடத்தினேன். பிறகு ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் படலையில் கட்டினேன்: 'இது செத்த வீட்டு வாளி இல்லை. கை கழுவும் வாளி. இரண்டு கையும்.' அதை வாசிக்கவென்று ஓட்டோக்காரர்கள் எங்கள் வீட்டடியில் வேகம் குறைத்தார்கள். எங்கள் திருச்சபைப் போதகர் தலையில் கைவைத்துச் செபிக்க வந்தார். அவரையும் கழுவ வைத்தேன். நல்ல மனிதர், சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரைக்கும் கழுவினார்.

எல்லாரையும் வென்றேன் என்று சொல்லிக்கொண்டிருந்த கிழமைதான் மச்சாள் வந்தார். என் மனுசனின் அக்கா. இணுவிலில் இருக்கிறார். தாய் இறந்தபோது என் மனுசனுக்கு நாலு வயது, மச்சாளுக்குப் பதினாலு. அவர்தான் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தார். தம்பிக்கு ஒரு வழி பிறந்த பிறகுதான் தான் கலியாணம் செய்தார். அவர்கள் சைவம், நான் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரி. இருந்தாலும் இத்தனை வருடத்தில் அவர் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.

மழைக்குள் பஸ் பிடித்து வந்தவர் குடையை மடக்கினார், இரண்டு தரம் இருமினார், வாளியைப் பார்க்கவே இல்லை. நேரே உள்ளே வந்து, கதிரையில் இருந்த தம்பியின் கன்னத்துக்குக் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ!" என்று கத்தினேன்.

எங்கள் மண்ணில் அது சாதாரணமான சொல் இல்லை. எத்தனை பேரை எத்தனை தலைமுறையாக அந்தச் சொல் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது என் வாயிலிருந்தே வந்தது, அதுவும் அவரைப் பார்த்து. மச்சாளின் கை பாதி வழியில் நின்றது.

"என்ரை கையாலை வளத்த பிள்ளை. என்னைத் தொடாதை எண்டு சொல்ல நீ ஆர்?"

"அக்கா, அவள் சொல்லுறது என்னெண்டால்..." என்று இவர் தொடங்கினார்.

"நீ சும்மா இரடா! இனி இந்த வீட்டிலை நான் கை நனைக்க மாட்டன்!"

அந்த இடத்தில் நான் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு நாக்கில் சனி. "நனைக்கவே வேண்டாம் மச்சாள். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் காணும்" என்றேன்.

மச்சாள் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். என் மனுசன் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மருந்து ஏறும்போதோ, தலைமயிர் கொத்தாகக் கழன்றபோதோ அழாத மனிதர் அன்று அழுதார். நான் குசினிக்குள் நின்று என்னை நானே திட்டினேன். சொன்ன சொல்லுக்காகத் திட்டினேனே தவிர, மறித்ததற்காக இல்லை. இன்னொரு தரம் நடந்தாலும் மறிப்பேன்.

கார்த்திகையும் மார்கழியும் ஊரை உலுப்பின. என் வகுப்பில் பாதிக் கதிரை வெறுமை. முன்வீட்டில் காய்ச்சல், பின்வீட்டில் காய்ச்சல். ஒவ்வொரு காலையும் நான் என் மனுசனின் கக்கத்தில் காய்ச்சல் பார்க்கிற குச்சியை வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இல்லை என்று கண்டால் அன்றைய நாள் என்னுடையது. இரண்டாவது மருந்து போயிற்று, மூன்றாவது போயிற்று, நாலாவதும் போயிற்று. காய்ச்சல் இல்லை! சவர்க்காரத்தில் என் புறங்கைத் தோல் வெடித்துவிட்டது. இரவில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுப்பேன். எங்கள் ஒழுங்கையில் இன்னும் மூன்று படலையில் வாளி ஏறியிருந்தது. முன்வீட்டு மாமி தன் வாளிக்குப் பக்கத்தில் கண்ணாடிகூட மாட்டியிருந்தார், எதற்கென்று கேட்காதீர்கள்.

மச்சாள் வரவில்லை. நாளுக்கு ஒரு தரம் தம்பிக்குப் போன் எடுப்பார். நான் எடுத்தால், "அவனிட்டைக் குடு" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசமாட்டார்.

தை மாதம் ஒரு காலை தொண்டை எரிச்சலோடு எழும்பினேன். எனக்குக் காய்ச்சல்! எனக்கு! முதல்நாள் ஒரு பிள்ளை கொப்பியைக் காட்ட வந்து என் முகத்துக்கு நேரே தும்மியது நினைவுக்கு வந்தது. கையை எத்தனை தரம் கழுவினாலும் காற்றில் வருவதை எப்படிக் கழுவுவது? முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மருந்து ஏற்றிப் பத்தாம் நாள் அது, அவருடைய இரத்தம் ஆகப் பலவீனமாக இருக்கிற நேரம். பிள்ளைகள் இரண்டும் கடல் கடந்து இருக்கிறார்கள். அவரால் எழுந்து அடுப்படியில் நிற்க முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் கடைப் பாணைத் திண்டுபோட்டுக் கிடப்பன், நீர் யோசியாதையும்" என்றார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எழுபது நாளாகக் காத்தது எல்லாம் நாலு நாளில் போகப் போகிறது என்று நினைத்தேன். போனை எடுத்தேன்.

"மச்சாள், எனக்குக் காய்ச்சல். அவரைப் பாக்க ஆளில்லை."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

"எத்தினை பாகை?"

"நூற்றிரண்டு."

"அவனுக்குக் கிட்டப் போகாதை. வாறன்."

ஒரு மணித்தியாலத்துக்குள் ஓட்டோ வந்து நின்றது. பின்னறைப் பக்க யன்னலால் எட்டிப் பார்த்தால் படலை தெரியும். மச்சாள் பையை நிலத்தில் வைத்தார். மட்டையில் எழுதியிருந்ததை வாசித்தார். காப்பை மேலே ஏற்றிவிட்டுச் சவர்க்காரத்தை எடுத்தார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. பெருவிரலைப் பொத்தித் திருகினார். நகங்களை உள்ளங்கையில் சுரண்டினார். உதடு அசைந்துகொண்டிருந்தது, ஐந்தெழுத்துச் சொல்லுகிறார் என்று விளங்கியது. நானும் எண்ணினேன். சரியாக இருபது. நான் அவருக்குப் படிப்பிக்கவே இல்லையே!

"ஆர் மச்சாள் காட்டித் தந்தது?" என்று கதவுக்குள்ளால் கேட்டேன்.

"உன்னோடை கோவிச்சுக்கொண்டு போன அண்டைக்கே எங்கடை ஊர் மருத்துவிச்சி அம்மாவைக் கேட்டுப் பழகினனான். ஒவ்வொரு நாளும் கழுவிப் பாக்கிறனான். கோவம் உன்னோடை. அவனைப் பாக்க வரவேண்டி வந்தால், பிழையாக் கழுவிப்போட்டு வரேலுமே?" என்றார். பிறகு, "படு, கதையாதை. மல்லித்தண்ணி அவிச்சுக் கொண்டு வாறன்" என்றார். நான் முகக்கவசத்துக்குள் விக்கி விக்கி அழுதேன்.

எட்டு நாள் அந்த வீட்டை மச்சாள் ஆண்டார். நான் கண்டிப்பான ஆள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. ஊருக்கு என்ன தெரியும்? படலையடியில் இருந்து சத்தம் கேட்கும். "நில்லும், நில்லும். உதென்ன காகக் குளிப்பு? இடக்கை உம்மடை இல்லையோ?" கிராம சேவகர் இரண்டு தரம் இருமினார் என்று தோடம்பழத்தை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பினார். பழத்தையும் கழுவினார். என் சாப்பாடு கதவடிக் கதிரையில் வந்து நிற்கும். காய்ச்சல் விட்டு நான் முதல் தரம் வெளியே வந்த அன்று என்னையே மறித்தார்.

"எங்கை வாறாய்? கையைக் கழுவு."

"கழுவினனான் மச்சாள்."

"நான் காணேல்லை. திருப்பிக் கழுவு."

கழுவினேன். என் மனுசன் கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. தும்மல்கூட வரவில்லை.

ஐந்தாவது முடிந்தது. ஆறாவது முடிந்தது. இன்னும் சில கிழமை பொறுத்து, பங்குனி வெயிலில் மூன்று பேருமாகத் தெல்லிப்பழைக்குப் போனோம். மச்சாள் உள்ளே வரவில்லை, வெளி விறாந்தை வாங்கில் இருந்துவிட்டார். டொக்டர் இரத்தச் சோதனையைப் பார்த்தார், ஸ்கான் படத்தைப் பார்த்தார், கோப்பில் இருந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இடையிலை ஒருக்காலும் காய்ச்சலுக்கு வந்து படுக்கேல்லையோ?"

"இல்லை டொக்டர்."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும்!" என்றேன். விறாந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

டொக்டர் சிரித்தார். கட்டி இல்லை என்றார். வெள்ளையணு நன்றாக ஏறிவிட்டது, இனிச் சாதாரணமாக இருக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்டினால் காணும் என்றார். எனக்கு அந்த மேசையில் ஏறி நின்று விசிலடிக்க வேண்டும் போல் இருந்தது. ஒரு மாரி முழுவதையும், வீட்டுக்கு வீடு திரிந்த காய்ச்சலையும் ஒரு கட்டிச் சவர்க்காரத்தோடு நின்று வென்றிருக்கிறோம். என்னை யார் என்ன சொன்னால் எனக்கென்ன!

வெளியே ஓடி வந்தேன். "வெண்டிட்டம் மச்சாள்! எல்லாம் போட்டுது! இனிப் பயமில்லையாம்!"

மச்சாள் எழுந்து விறாந்தை மூலையில் இருந்த பைப்படிக்குப் போனார். அவசரப்படாமல் இரண்டு கையையும் கழுவினார். துடைக்காமல், தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து தம்பிக்கு முன்னால் நின்றார். ஆனால் பார்த்தது என்னை.

"பிள்ளை, இனித் தொடலாமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டு நாள் என் வீட்டில் நின்று சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், மருந்து எடுத்து வைத்தார். கோப்பையை மேசையில் வைத்துத் தள்ளிவிட்டாரே தவிர, தம்பியின் கையில் கொடுக்கவில்லை. அத்தனை வடிவாகக் கழுவிய கையால் ஒரு தரம்கூடத் தம்பியைத் தொடவில்லை.

"நீயல்லோ சொன்னனீ, தொடாதை எண்டு" என்றார், கோபமே இல்லாமல்.

"தொடுங்கோ மச்சாள்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் என் மனுசனின் மொட்டைத் தலையை இரண்டு ஈரக் கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துவிட்டார்.

"குளிருதணை அக்கா" என்றார் இவர், முகம் அவருடைய சீலைக்குள் புதைந்தபடி.

"சும்மா நில்லடா" என்றார் மச்சாள். கையை எடுக்கவில்லை.